செத்த காலேஜும் கல் யானையும்

சென்னைப் பாட்டிமார் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், தெரியுமோ? ‘செத்த காலேஜ்’! மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. பஞ்சடைத்த மிருகங்களும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிற இடத்துக்கு ‘செத்த’ என்ற அடைமொழி பொருத்தம்தான். ‘காலேஜ்’ எங்கிருந்து வந்தது? 1851-ல் இந்த மியூசியம் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நம் பாஷைகளைப் படித்த கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. பொருள்கள் சேரச் சேர இடம் போதாமல் எழும்பூருக்கு மாற்றினார்கள். 1855-ல் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார்கள். பிற்பாடு அவை தனியாகப் பிரிந்து போயின.

அந்தப் பழைய கல்லூரிச் சாலை வளாகத்தில் இன்றைக்கு இருப்பது எது? நம் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள்! மியூசியமும் கல்வி இலாகாவும் ஒரே முற்றத்தில் பிறந்தவை போல. அப்புறம் ஏன் இரண்டும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

போன அரைப் பரீட்சை லீவில் என் ஓர்ப்படி தன் மகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் அவர்களுக்கு. பெண் எட்டாம் வகுப்பு. வந்த அன்றைக்கே அடுப்படியில் என் காதோடு சொன்னாள் ஓர்ப்படி: “அக்கா, இவளை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை. சோஷியல்ல முப்பத்தெட்டு மார்க். நோட்டைத் திறந்தா கடைசிப் பக்கம் பூரா படம். மிஸ் கூப்பிட்டனுப்பிச்சு, ‘உங்க பொண்ணு கிளாஸ்ல கவனிக்கறதே இல்லை’ன்றாங்க. உங்க கொழுந்தனாரு கலர் பென்சில் டப்பாவை எடுத்துப் பரண்ல போட்டுட்டாரு.”

“ஸ்கூல்ல டிராயிங் பீரியட் இல்லையா?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை ஒண்ணு இருந்துச்சு. அதைக் கணக்கு மிஸ் எடுத்துக்கிட்டாங்க. ஜூன்ல வந்த டைம்டேபிள்ல அதுவும் இல்லை.”

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதையோ! படம் வரைகிற பீரியடைக் கணக்கு விழுங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. 2005-ல் வந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, கலையைப் பள்ளியின் எல்லா நிலைகளிலும் ஒரு பாடமாகவே வைக்க வேண்டும் என்று சொன்னது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் மற்றப் பாடங்களோடு கலையைச் சேர்த்துச் சொல்லித் தரும்படி சொல்கிறது. காகிதத்தில் குறைவே இல்லை! ஆனால் பரீட்சையில் மார்க் இல்லாத எதுவும் டிசம்பர் மாதம் வந்தால் காணாமல் போய்விடுகிறது.

வீட்டில் வைத்து அந்தப் பெண்ணுக்கு உபதேசம் செய்வதைவிட எங்கேயாவது கூட்டிப் போவோம் என்று கிளம்பினேன். என் சின்னவன், ஏழு வயது வால், அவனும் சேர்ந்தான். ஒரு நாள் எழும்பூர், மறுநாள் மாமல்லபுரம் என்று திட்டம். ஓர்ப்படிக்கு முழு மனசில்லை. “பொம்மை பார்க்கறதுக்கு ரெண்டு நாளா அக்கா? ஒரு நாள் தி.நகர் போகலாமே” என்றாள். தி.நகர் எங்கேயும் ஓடிவிடாது என்று சமாதானம் சொன்னேன்.

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பஸ்கள் வந்து இறங்கிவிட்டால், “வரிசையா போ, தொடாதே, நட” என்ற சத்தம் தவிர வேறொன்றும் காதில் விழாது. பாவம் அந்தக் குழந்தைகள்! ஒன்றரை மணி நேரத்தில் ஆறு கட்டடமும் பார்க்க வேண்டுமென்றால் கால்தான் வலிக்கும், கண்ணில் ஒன்றும் நிற்காது. நான் பிள்ளைகளிடம் சொன்னேன்: “இன்னிக்கு நாம பார்க்கப் போறது மொத்தமே அஞ்சு சாமான்தான். ஒவ்வொண்ணுக்கு முன்னாலயும் ஒரு நூறு எண்ணற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. அப்புறம் ஆளுக்கு மூணு விஷயம் சொல்லணும்.” சின்னவனுக்கு இது விளையாட்டாகிவிட்டது.

முதலில் அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் இவை. ஒரு பங்கு இங்கே, இன்னொரு பங்கு லண்டனில். இங்கே இருப்பதில் வட்டமான ஒரு கல் உண்டு. நளகிரி என்ற மத யானையைப் புத்தர் அடக்கிய கதை. தட்டு மாதிரி ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது. ஒரு பக்கம் தெருவில் மனிதர்களைப் பந்தாடுகிறது. இன்னொரு பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடத்திலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

நூறு எண்ணி முடித்தானோ இல்லையோ, “ரெண்டு யானை” என்றான் சின்னவன்.

“இல்லைடா, ஒரே யானைதான். முதல்ல கோவம், அப்புறம் சாந்தம். காமிக்ஸ் மாதிரி, நடுவுல கோடு போடாம” என்றாள் பெண்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய சிற்பி ஒரே கல்லில் ‘முன்னே’, ‘பின்னே’ இரண்டையும் எப்படிக் காட்டினான் என்பதைப் பெரிய புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சோஷியலில் முப்பத்தெட்டு வாங்கிய பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்!

அடுத்து செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோயிலில் நாம் உற்சவரைப் பார்க்கிறோம், ஆனால் பார்ப்பதென்ன? பட்டு, மாலை, கவசம், நடுவில் உள்ளங்கையளவு முகம். சேவிப்பதற்கு அதுவே நிறைவு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடுப்பு எப்படி ஒடிந்து நிற்கிறது, விரல் எப்படி மடிகிறது, முதுகுப் பக்கம் சடை எப்படி விழுகிறது என்பதெல்லாம் அலங்காரத்துக்குள் மறைந்துவிடும். செய்தவனின் கை என்ன செய்தது என்று முழுசாகப் பார்ப்பதற்கு இப்படி ஒரு கூடம்தான் வேண்டும். கூடத்துக்குள் நுழையும்போது ஓர்ப்படி செருப்பைக் கழற்றப் போனாள். காவலர் சிரித்துக்கொண்டே, “வேணாம்மா, போட்டுக்கிட்டே போங்க” என்றார். அவள் கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்றோம். வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் அம்பாள், ஒரே கை. வலப்பக்கம் தோள் விரிந்து நேராக இறங்குகிறது. இடப்பக்கம் இடுப்பு குழைந்து வளைகிறது. இரண்டு உடம்பை வெட்டி ஒட்டினமாதிரி இல்லவே இல்லை. ஒரே மூச்சில் நிற்கிற ஒரே உடம்பு. சோழர் காலத்துச் சிற்பி இதை எப்படிச் சாதித்தானோ!

நடராஜர் வரிசையில்தான் பெண் வெகு நேரம் நின்றாள். நூறல்ல, முந்நூறு எண்ணியிருப்பேன். அப்புறம் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “பெரியம்மா, இந்தக் காதுல ஒரு தோடு, அந்தக் காதுல வேற தோடு. தப்பா போட்டுட்டாங்களா?”

தப்பே இல்லை. வலக் காதில் ஆண்கள் அணியும் மகரக் குழை, இடக் காதில் பெண்கள் அணியும் தோடு. அங்கேயும் அம்மையும் அப்பனும் பாதிப் பாதிதான். எத்தனை வருஷமாக ஆருத்ரா தரிசனத்துக்குப் போகிறோம், நம்மில் எத்தனை பேர் அந்தக் காதைப் பார்த்திருப்போம்?

இங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் உலகப் பிரசித்தம். பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோதென் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. மெட்ராஸ் மியூசியத்து நடராஜர்களின் போட்டோக்களை மட்டும் வைத்துக்கொண்டு, தோள், தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். அது 1921-ல் அச்சாயிற்று. கொழும்பில் 1877-ல் தமிழ்த் தகப்பனாருக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, ‘சிவ நடனம்’ பற்றி எழுதிய கட்டுரை உள்ள புத்தகம் 1918-ல் வந்தது. நம் வீட்டுப் பொருளை உலகத்துக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டபோது, இந்தத் திருமேனிகள் எப்படி உருவாகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருக்கி, முதலில் மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்துவிடுவார்கள். அதன் மேல் காவிரியின் நைசான வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்ததும் கனமான மண்ணைப் பூசி, கம்பி கட்டி, சூடு காட்டுவார்கள். மெழுகு உருகித் துவாரம் வழியாக ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பாலும் செம்புதான், மற்றவை கொஞ்சம் கொஞ்சம். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். நம் கொழுக்கட்டை அச்சு மாதிரி மறுபடி மறுபடி போட முடியாது. ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படியே செய்கிறார்கள்.

“அப்போ ஊத்தும்போது தப்பாயிட்டா?” என்றான் சின்னவன்.

“மறுபடி மெழுகிலேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“அய்யய்யோ!”

பீடத்தில் துவாரம் எதற்கு என்று பெண் கேட்டாள். தூக்கிக்கொண்டு வீதியுலா வர, கழி செருகவும் கட்டவும்தான் என்றதும் தலையாட்டினாள். ஊர்த் திருவிழாவில் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது போலும்.

ஓர்ப்படி அதுவரை பேசாமல் இருந்தாள். வீடு திரும்பும் பஸ்ஸில் மெல்ல ஆரம்பித்தாள்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இதைத் தெரிஞ்சுக்கிட்டு இவ என்ன பண்ணப் போறா? காதுத் தோட்டைப் பத்திப் பரீட்சைல கேப்பாங்களா?”

நியாயமான கேள்விதான். நான் அவளுக்கு ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னேன். அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். சோழர் காலத்துச் சிவன் கோயில். நாளாவட்டத்தில் பூஜை குறைந்து, பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த செப்பு நடராஜர் களவு போனதே ஊருக்குத் தெரியப் பல மாதங்கள் ஆயிற்று. அதற்குள் அவர் கடல் கடந்து, ஒரு நியூயார்க் வியாபாரி கைக்குப் போய், 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டுவிட்டார். எப்படித் திரும்பக் கிடைத்தார்? எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். இப்படிக் களவு போன பல சிலைகள் நம்முடையவைதான் என்று நிரூபிக்க அந்தப் போட்டோக்கள் உதவின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

“அப்போ அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்லையா?” என்றாள் ஓர்ப்படி. நான் பதில் சொல்லவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை திருவான்மியூரில் பஸ் ஏறினோம். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966-ல் அமைத்தது. படம் விற்றுச் சோறு தின்ன முடியுமா என்ற கேள்விக்கு, பாத்திக் துணி முதலான கைவேலைகளைச் செய்து விற்றுப் பதில் சொன்னவர்கள். அவசரத்தில் எட்டித்தான் பார்த்தோம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

மாமல்லபுரத்தில் ஒரு யோசனை. ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் ஊருக்கு நடுவில், தெருவோரமாகவே நிற்கும் பெரிய தபசுப் பாறைக்குச் சீட்டே கிடையாது. முதலில் அங்கே போங்கள். வெயில் ஏறினால் கல் தகிக்கும், குழந்தைகள் சிணுங்கும். தொப்பி, தண்ணீர், மோர் கையோடு இருக்கட்டும்.

ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அக்கம்பக்கமாக இரண்டு ராட்சதப் பாறைகள், ஏறக்குறைய தொண்ணூறு அடி நீளம். தேவர், மனிதர், நாகர், மிருகம் என்று நூற்றுக்கு மேல் உருவங்கள். குட்டிகளோடு நிற்கும் ஆனைகளைப் பார்த்துச் சின்னவன் போட்ட கூச்சலில் வெளிநாட்டுப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, பின்னங்காலில் நின்று, கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள்! கீழே ஒரு மான், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அந்த மானை வீட்டில் தினம் மான் பார்க்கிறவன்தான் செதுக்கியிருக்க முடியும்.

பெரிய வழக்கு ஒன்று இந்தப் பாறைக்கு உண்டு. எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறவர் யார்? பாசுபதம் வேண்டி நின்ற அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா? அறிஞர்களே இரண்டு கட்சி. எங்களுக்குக் கிடைத்த கைடு ‘அர்ஜுனன் தபசு’ என்று அடித்துச் சொல்லிவிட்டார். பெண் அவரை விடவில்லை.

“அங்கிள், நடுவுல பாறை பிளந்திருக்கே, அதுல பாம்பு மாதிரி ஆளுங்க மேல வர்றாங்களே, அது தண்ணிதானே? அர்ஜுனன் கதைல தண்ணி எதுக்கு?”

கைடு தலையைச் சொறிந்தார். மேலே தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்த அடையாளம் உண்டு, விசேஷ நாட்களில் பிளவு வழியாக நீர் விழச் செய்திருக்கலாம் என்று சொல்வார்கள் என்றேன் நான். “அப்போ பகீரதன்தான்” என்று தீர்ப்புச் சொன்னாள். உடனே அவளே, “ஆனா சிவன் கை வரம் குடுக்கற மாதிரி இருக்கே, பக்கத்துல பூதகணம் வேற. பாசுபதம் குடுக்கறாரோ?” என்று குழம்பினாள். பத்து நிமிஷம் அவளுக்குள்ளேயே வாதம், பிரதிவாதம். பல்லவர்களைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு பக்கப் பாடம் இருக்கிறதாம். ஆண்டுகளை மட்டும் நெட்டுருப் போட்டிருக்கிறாள். சரித்திரம் என்பது இப்படிச் சான்று காட்டிச் சண்டை போடுகிற விஷயம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அங்கிருந்து நாலெட்டில் கிருஷ்ண மண்டபம். பல்லவர் செதுக்கிய பாறைக்கு விஜயநகரக் காலத்தில் தூண் வைத்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கிருஷ்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. அதுவரை கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிழல் தேடிக்கொண்டிருந்த என் ஓர்ப்படி ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவன் குந்தி உட்கார்ந்து பசுவைக் கறக்கிறான். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

“அக்கா, இவன் மாடு கறந்தவன்தான்” என்றாள்.

“யாரு?”

“இதைச் செஞ்சவன். கன்னைக் காட்டினாத்தான் பால் இறங்கும். கன்னை முன்னால விட்டிருக்கான் பாருங்க. மாடு அதை நக்கிக்கிட்டே சொக்கி நிக்குது. காதைப் பாருங்க, எங்க வீட்டு லட்சுமி இப்படித்தான் வெச்சுக்கும்.” அவள் பிறந்த வீட்டில் ஆறு மாடு. கல்யாணம் ஆகிற வரைக்கும் காலையும் மாலையும் கறந்தவள் அவள். அந்த மண்டபத்தில் கைடு சொல்லாததையெல்லாம் அவள் சொன்னாள். தலையில் பானை அடுக்கின பெண்ணைக் காட்டி, சுமை ஏறும்போது கழுத்து எப்படி நிற்கும் என்று நடந்தே காட்டினாள். மகள் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தபோது, “வால் அப்படியில்லடி, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்” என்று திருத்தினாள்! கலர் பென்சில் டப்பாவைப் பரணில் போட்ட வீட்டு அம்மாள்!

கலையை ரசிக்க விசேஷப் படிப்பு வேண்டும் என்று நம்மில் பலர் ஒதுங்கிப் போகிறோம். கோலம் போடும் கை, ஜரிகைப் புடவையில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண், மாடு கறந்த ஞாபகம், இவையெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. யார் காலம், எந்த ஊர், எதனால் செய்தது என்ற விவரத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். குழந்தையிடம் “அழகா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஆமா” என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். “என்ன தெரியுது? எதனால அப்படிச் சொல்றே? இன்னும் என்ன தெரியுது?” என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் கொடுங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதில்லை. வரைகிறபோது கண் தானாக நிதானப்படும்.

பொங்கல் கழிந்து ஓர்ப்படியிடமிருந்து போன் வந்தது. தெருவில் இரண்டு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். போன டிராயிங் பீரியடைத் திருப்பிக் கேட்டார்களாம். தலைமையாசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. டிராயிங் வாத்தியார் இடம் காலியாக இருக்கிறது, முழுப் பரீட்சை முடியட்டும், ஜூனில் பார்க்கலாம் என்றிருக்கிறார். “பார்க்கலாம்னா பார்க்க மாட்டாங்கன்னு அர்த்தம் அக்கா. ஜூன்ல மறுபடி போவேன்” என்றாள். சோஷியல் மார்க் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஐம்பத்தொன்று. கணக்கு கொஞ்சம் இறங்கிவிட்டதாம். கொழுந்தன் அதற்குச் சிடுசிடுப்பாக இருக்கிறான்.

இன்னொரு சேதியும் சொன்னாள். அவர்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் பழைய தூண்கள் இருக்கின்றன. பெண் சனி, ஞாயிறுகளில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், தூணின் ஒவ்வொரு முகத்திலும் உள்ள உருவத்தை வரைந்து, டேப் வைத்து அளந்து, பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறாளாம். இருபத்திரண்டு உருவம் முடிந்திருக்கிறது. மீதித் தூண்கள் உள் மண்டபத்தில். அதன் சாவி தர்மகர்த்தாவிடம் இருக்கிறது. அவர் வெளியூர் போயிருக்கிறாராம், பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவார்.